பாதியில் நிறுத்தின சந்தேகம்



போன எபிசோடில் வானிலை மாடல்களைப் பற்றிப் பேசிட்டிருந்தப்போ, போகிற போக்கில் ஒரு நாவலைக் கிண்டல் பண்ணினேன். மைக்கேல் கிரைட்டனின் ‘ஸ்டேட் ஆஃப் ஃபியர்’. “ஜுராசிக் பார்க் எழுதின மனுஷன், கடைசியில் க்ளைமேட் சேஞ்சே டுபாக்கூர்னு ஒரு த்ரில்லர் எழுதினாரே” என்று ஒரு வரி. சிரிச்சுட்டு அடுத்த டாபிக்குக்குப் போயிட்டோம்.

எபிசோட் வந்த அன்னைக்குச் சாயந்திரமே டெக்சஸிலிருந்து போன். பெரியப்பா. ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டி என்ற ஊரில் இருக்கார். முப்பது வருஷம் ஆயில் அண்ட் கேஸில் ப்ராசஸ் இன்ஜினியர், இப்போ ரிட்டயர்டு. நம்ம பாட்காஸ்டை ஒரு எபிசோட் விடாம கேட்கிற, அறுபதைத் தாண்டிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

“ஏம்மா, அந்த புக்கை நீ படிச்சிருக்கியா?”

“இல்ல பெரியப்பா... ரிவ்யூ படிச்சிருக்கேன்.”

“அப்போ படிக்காமலே மைக் முன்னாடி உட்கார்ந்து சிரிச்சியா?”

என்ன பதில் சொல்றது? நாலாவது நாள் சன்னிவேலில் என் வீட்டு வாசலில் ஒரு பார்சல். தடி ஹார்ட்கவர், பழுப்பேறிய தாள், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. முதல் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ரெண்டே வரி: “முழுசா படி. அப்புறம் பேசு.”

படிச்சேன். ரெண்டு வாரம் ஆச்சு. இந்த நியூஸ்லெட்டர் அதோட விளைவு.

முதலில் கதை

நாவல் வெளியானது 2004 டிசம்பர் 7. சுமார் 600 பக்கம். கதை சுருக்கமா இதுதான்: ஒரு பணக்கார வள்ளல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்புக்குக் கோடி கோடியா கொடுக்கிறார். அந்த அமைப்புக்கு மக்களோட பயம்தான் மூலதனம். பயம் குறைஞ்சா நன்கொடை குறையும். அதனால தீவிரவாதக் கும்பல் ஒண்ணு இயற்கைப் பேரழிவுகளைச் செயற்கையா உண்டாக்கப் பார்க்குது: அண்டார்டிகாவில் பனிப்பாறையை உடைக்கிறது, வெள்ளம், கடைசியில் ஒரு சுனாமி. எம்.ஐ.டி. பேராசிரியர் கென்னர் என்ற ஹீரோ உலகம் முழுக்கப் பறந்து இதையெல்லாம் தடுக்கிறார். நடுநடுவே, விமானத்தில் உட்கார்ந்து, க்ளைமேட் சேஞ்சை நம்புறவங்களுக்குப் பாடம் எடுக்கிறார். கிராஃப் வருது, ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஃபுட்நோட் வருது. கடைசியில் ஆசிரியர் உரை, ரெண்டு பின்னிணைப்பு, சுமார் 20 பக்கத்துக்கு நூற்பட்டியல். த்ரில்லருக்கு நூற்பட்டியல்!

நாவல் வந்த 19-ஆம் நாள், டிசம்பர் 26, இந்தியப் பெருங்கடலில் நிஜ சுனாமி. பெரியம்மாவோட ஊர் நாகப்பட்டினம். அந்த வாரம் முழுக்க டிவியில் நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் மெரினாவும். கையில் கிறிஸ்துமஸ் லீவுக்கு வாங்கின சுனாமி நாவல். சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் வந்த நிலநடுக்கம் அது. க்ளைமேட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, எந்தச் சதிக்கும் சம்பந்தமில்லை. பெரியப்பாவுக்கும் அது தெரியும். ஆனா அந்த மாதிரி நாட்களில் படிச்ச புத்தகம் மனசில் வேற மாதிரி உட்கார்ந்திடும்.

புத்தகம் அலமாரியோட நிற்கலை. 2005 செப்டம்பரில் அமெரிக்க செனட்டின் சுற்றுச்சூழல் கமிட்டி கிரைட்டனைச் சாட்சியா கூப்பிட்டது. தலைவர் ஓக்லஹோமா செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப். 2006-ல் அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர் சங்கம் அவருக்கு ஒரு விருது கொடுத்தது. என்ன விருது தெரியுமா? ஜர்னலிசம் விருது. நாவலுக்கு!

மூணு வாசகர்கள்

படிச்சு முடிச்சதும், இதை ஏற்கனவே படிச்சவங்க யார் யார்னு விசாரிச்சேன். எனக்குத் தெரிஞ்ச வட்டத்தில் மூணு பேர். மூணு பேருக்கும் மூணு அபிப்பிராயம்.

பெரியப்பா சொன்னது: “முப்பது வருஷம் நான் வேலை பார்த்த துறையை எல்லாச் சினிமாவிலும் வில்லனாத்தான் காட்டுறான். முதல் தடவையா ஒருத்தன் எதிர்ப்பக்கத்தைக் கேள்வி கேட்டான். கோபப்படாம, டேட்டா எங்கேன்னு கேட்டான். அது எனக்குப் பிடிச்சது.”

அவரோட பொண்ணு, எடிசனில் இருக்கிற என் அக்கா, ஹைஸ்கூலில் கெமிஸ்ட்ரி எடுக்கிறவள். அவள் சொன்னது வேற: “அப்பா அதை எனக்குக் காலேஜ் டைமிலேயே கொடுத்தார். எதிர்ப்பக்கம் பேசுற ஒவ்வொருத்தரையும் முட்டாளா எழுதி வச்சிருக்கான்டி. ஒரு நடிகர் வருவார் பாரு, அவரை நரமாமிசம் தின்கிறவங்க தின்னே போட்டுடறாங்க. ரெண்டு பக்க வசனத்தையும் ஒரே ஆள் எழுதினா, அதில் யார் ஜெயிப்பாங்கன்னு சொல்லணுமா?”

மூணாவது, ஃப்ரீமான்ட்டில் இருக்கிற ஃப்ரெண்ட். டேட்டா இன்ஜினியர். அவன்தான் நேர்மையா சொன்னான்: “கிராஃப் எல்லாம் ஒவ்வொரு ஊரோட டெம்பரேச்சரா இருந்தது. எனக்கே தெரியும், ஒரு சென்சாரை வச்சு சிஸ்டம் ஹெல்த் சொல்ல முடியாதுன்னு. இடிச்சது. ஆனா அடுத்த பக்கத்தில் ஃபுட்நோட் இருந்ததா, சரி, பெரிய ஆள் சொல்றார்னு நம்பிட்டேன். ஒரு ஃபுட்நோட்டைக்கூடத் தேடிப் பார்க்கல.”

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. நம்ம டெக் உலகத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுற ‘கெல்-மேன் அம்னீஷியா’ இருக்கே, நமக்குத் தெரிஞ்ச துறையைப் பத்தின செய்தி தப்பா இருக்கிறதைப் பார்த்துத் தலையில் அடிச்சுக்கிட்டு, பக்கத்தைத் திருப்பி, தெரியாத துறையைப் பத்தின செய்தியை அப்படியே நம்புறது, அதுக்குப் பேர் வச்சதே கிரைட்டன்தான். 2002-ல் ஒரு உரையில் சொன்னது. என் ஃப்ரெண்டுக்கு நடந்தது அட்சரம் பிசகாம அதுதான். நோயைக் கண்டுபிடிச்ச டாக்டரோட புத்தகத்தாலேயே நோய் வந்திருக்கு.

ஃபுட்நோட்டைப் பிடிச்சுப் போனா

பெரியப்பா பென்சிலில் ரெட்டைக் கோடு போட்டிருந்த இடங்களில் மூணை எடுத்துக்கிட்டேன். எனக்கு வசதியானதை எடுக்கலை. அவருக்குப் பிடிச்சதை எடுத்தேன்.

முதல் இடம்: ஜேம்ஸ் ஹான்சன். நாசா விஞ்ஞானி. 1988 ஜூன் 23 அன்று செனட்டில், பூமி சூடாவது தொடங்கிடுச்சுன்னு சாட்சி சொன்னவர். அவர் கணிப்பு 300 சதவீதம் தப்புன்னு நாவல் சொல்லுது. பக்கத்தில் பெரியப்பா குறிப்பு: “300%!!”

தேடிப் போனேன். ஹான்சன் கொடுத்தது ஒரு கணிப்பு இல்லை, மூணு. ‘ஏ’ என்பது புகை வேகமா ஏறிக்கிட்டே போனா. ‘சி’ என்பது 2000-க்குள்ள கடுமையா குறைச்சா. நடுவில் ‘பி’. நடக்க வாய்ப்பு அதிகம்னு ஹான்சனே சொன்னது ‘பி’. நடுவில் ஒரு பெரிய எரிமலை வெடிக்கும்னுகூட அதில் ஒரு அனுமானம் இருந்தது. 1995-ல்னு போட்டிருந்தார், நிஜத்தில் பினடுபோ 1991-ல் வெடிச்சது. நாவலின் 300 சதவீதம் வரணும்னா ‘ஏ’ கோட்டை மட்டும் வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் அழிக்கணும். அந்த வேலையை 1998-லேயே பேட்ரிக் மைக்கேல்ஸ் என்பவர் அமெரிக்க காங்கிரஸ் முன்னாடி செஞ்சிருந்தார்.

நியாயமா சொல்லணும்னா ‘பி’ கோடும் கொஞ்சம் கூடுதலாத்தான் காட்டியது. ஹான்சன் நினைச்ச அளவுக்கு மீத்தேனும் ஃப்ரிட்ஜ் வாயுக்களும் ஏறாதது முக்கியக் காரணம். 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தம் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தியது. நிஜமா வெளியான வாயு அளவை அதே மாடலில் போட்டா விடை ஒட்டி வருது. இங்கே பெர்க்லியில் இருந்த ஜீக் ஹவுஸ்ஃபாதர் குழு 1970 முதல் 2007 வரை வெளியான 17 மாடல் கணிப்புகளை இந்த மாதிரி சோதிச்சது. 14 தேறின.

ரெண்டாவது இடம்: அண்டார்டிகா குளிர்ந்துகிட்டு இருக்குன்னு நாவல் ஒரு ஆய்வைக் காட்டுது. 2002-ல் ‘நேச்சர்’ இதழில் பீட்டர் டோரன் குழு எழுதினது. ஆய்வு நிஜம். 1966-லிருந்து 2000 வரை அந்தக் கண்டத்தில் 58 சதவீத நிலப்பரப்பு குளிர்ந்ததுன்னு அவங்க எழுதினாங்க. மீதி? சூடாச்சு. 2006 ஜூலையில் டோரனே நியூயார்க் டைம்ஸில் எழுதினார்: என் ஆய்வைத் தவறா பயன்படுத்தறாங்க, புவி சூடாவது பொய்னு நான் எங்கேயும் சொல்லலைன்னு. அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட புத்தகங்களில் ஒண்ணு ‘ஸ்டேட் ஆஃப் ஃபியர்’.

மூணாவது இடம்: ஊர் ஊரா வெப்பநிலை கிராஃப். சிலி நாட்டின் புன்டா அரினாஸ் நூறு வருஷத்தில் குளிர்ந்திருக்கு, அப்போ உலகம் எங்கே சூடாச்சுங்கிற கேள்வி. இதுக்குப் பெரியப்பா போனில் சொன்ன சப்போர்ட்: “ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்மா.”

எனக்குச் சிரிப்பு வந்தாலும் இந்த இடத்தில் நிதானமா யோசிச்சேன். பழமொழி பொய்யில்லை. பானையில் ஒரே தண்ணி, ஒரே நெருப்பு, ஒரே அரிசி. அதனால ஒரு பருக்கை போதும். பூமி அப்படிக் கொதிக்கிற பானை இல்லை. ஒரு மூலையில் காற்று திரும்பும், ஒரு கரையில் குளிர்ந்த நீரோட்டம் வரும். இந்தப் பானைக்கு எத்தனை பருக்கை பார்க்கணும்?

முழுக்கச் சந்தேகப்பட்ட ஒருத்தர்

இந்தக் கேள்விக்கு நிஜமாவே பதில் தேடின ஒருத்தர் எங்க பே ஏரியாவில் இருந்தார். ரிச்சர்ட் முல்லர், பெர்க்லி இயற்பியல் பேராசிரியர். அவருக்கும் கிரைட்டனுக்கு இருந்த அதே சந்தேகங்கள்தான்: வெதர் ஸ்டேஷன் எல்லாம் நகரத்துக்குள்ள மாட்டிக்கிச்சு, கான்கிரீட் சூட்டைத்தான் அளக்கிறாங்க, விஞ்ஞானிகள் தங்களுக்கு வேண்டிய ஸ்டேஷனைப் பொறுக்கி எடுக்கிறாங்க, டேட்டாவைத் ‘திருத்துறாங்க’.

முல்லர் நாவல் எழுதலை. 2010-ல் ‘பெர்க்லி எர்த்’ என்று ஒரு குழு ஆரம்பிச்சார். பணம் கொடுத்தவர்களில் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் உண்டு. எண்ணெய் வியாபாரத்தில் பெரிய கை, விடை இல்லைன்னு வந்தா சந்தோஷப்படுற பக்கம். குழுவில் சால் பெர்ல்மட்டர் மாதிரி ஆட்கள்; 2011-ல் நோபல் வாங்கினவர். 36,000-க்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களின் டேட்டாவை எடுத்தாங்க. பொறுக்கலை, கிடைச்சதையெல்லாம் போட்டாங்க. டேட்டாவையும் கோடையும் யார் வேணும்னாலும் பார்க்கலாம்னு வெளியிட்டாங்க.

விடை? நீண்டகாலப் பதிவு இருக்கிற ஸ்டேஷன்களில் மூணில் ஒரு பங்கு நிஜமாவே குளிர்ச்சியைத்தான் காட்டுது. புன்டா அரினாஸ் பொய் சொல்லலை! ஆனா மூணில் ரெண்டு பங்கு சூடு. எல்லாத்தையும் சேர்த்தா நிலப்பரப்பு 250 வருஷத்தில் சுமார் ஒன்றரை டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கு. நகரச் சூடு உண்டு, ஆனா உலகச் சராசரியை அது மாத்தலை. 2012 ஜூலையில் முல்லர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்: நான் சந்தேகப்பட்டவன், இப்போ மாறிட்டேன், காரணம் கிட்டத்தட்ட முழுக்க மனுஷங்கதான்.

ரெண்டு பேரும் ஒரே இடத்தில் ஆரம்பிச்சாங்க. கிரைட்டன் கேள்வி கேட்டார், கைதட்டு வந்தது, நிறுத்திட்டார். முல்லர் கேள்வி கேட்டார், விடை தனக்குப் பிடிக்காத பக்கம் போனப்போவும் கூடவே போனார். சந்தேகப்படுறது பாதி வேலை. சரிபார்க்கிறது மீதிப் பாதி. நாம கோட் ரிவ்யூவில் “இது வேலை செய்யுமான்னு தெரியலையே”ன்னு ஒரு கமென்ட் போட்டுட்டு, டெஸ்ட் ரன் பண்ணாமலே லீவில் போனா டீம் என்ன சொல்லும்?

கைதட்டுன்னு சொன்னேனே, அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. 2007 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரு பொது விவாதம். புவி சூடாவது ஒரு நெருக்கடி இல்லை என்பது தலைப்பு. கிரைட்டன் பக்கம் மூணு பேர், நாசாவின் கவின் ஷ்மிட் பக்கம் மூணு பேர். ஆரம்பத்தில் கிரைட்டன் பக்கம் 30 சதவீதம் ஆதரவு, எதிர்ப்பக்கம் 57. முடிஞ்சப்போ கிரைட்டன் பக்கம் 46, எதிர்ப்பக்கம் 42. ஜெயிச்சுட்டார். பொங்கலுக்குச் சன் டிவி பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் என்ன? நல்லாப் பேசுறவங்க அரங்கத்தை ஜெயிப்பாங்க. மேடையில் தீர்ப்பு சொல்லிட்டா தெர்மாமீட்டர் இறங்கிடாது.

பெரியப்பா சரியா சொன்ன இடம்

இதையெல்லாம் கையில் வச்சுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணினேன். முதல் அரை மணி நேரம் பொறுமையா கேட்டார். அப்புறம் கேட்டார்: “சரி, ஹார்வி?”

2017 ஆகஸ்ட். ஹார்வி புயல். டெக்சஸில் நெடர்லேண்ட் பக்கம் 60 அங்குலத்துக்கும் மேல் மழை. கேட்டியில் பெரியப்பா வீட்டில் ரெண்டு அடி தண்ணி, பல நாள். பெரியம்மாவோட கல்யாணப் புடவைகள், தாத்தாவோட ஒரே போட்டோ, எல்லாம் போச்சு. நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் வீட்டுக்குள்ள தண்ணி பார்க்காத பெரியம்மா, டெக்சஸில் போட்டில் ஏறினாங்க.

“டிவியில் எல்லாரும் க்ளைமேட் க்ளைமேட்னாங்க. நான் சொல்றேன் கேளு. என் வீடு இருக்கிற இடம் பார்க்கர் நீர்த்தேக்கத்தோட வெள்ளப் பரப்பு. 1940-கள்ல ஆர்மி இன்ஜினியருங்க கட்டினது. நிரம்பினா தண்ணி இங்கேதான் நிக்கும்னு அவங்களுக்குத் தெரியும். அங்கே வீடு கட்டி வித்தான். எனக்கு ஒருத்தனும் சொல்லல. அதை விட்டுட்டு ஆகாசத்தைக் காட்டினா எனக்குக் கோபம் வருமா வராதா?”

வரும் பெரியப்பா. நியாயமான கோபம். 2019 டிசம்பரில் ஃபெடரல் கோர்ட்டும் அந்த வெள்ளத்துக்கு அரசாங்கம் பொறுப்புன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதே வருஷம் டெக்சஸ் சட்டத்தை மாத்தினாங்க. வீட்டை விக்கிறவங்க இப்போ வெள்ளப் பரப்பை எழுத்தில் சொல்லணும். எல்லாத்துக்கும் க்ளைமேட்டைக் காட்டினா மனுஷன் பண்ணின மத்த தப்பெல்லாம் தப்பிச்சுடும். கிரைட்டன் நாவலில் எனக்கு உடன்பாடான விஷயம் அதுதான்: பயத்தைக் கிளப்பிப் பிழைக்கிறவங்க உண்டு, ஒவ்வொரு புயலையும் தலைப்புச் செய்தியாக்கி விக்கிறவங்க உண்டு.

ஆனா விஞ்ஞானிகள் அப்படித்தான் எல்லாத்துக்கும் தலையாட்டுறாங்களா? அதுக்கு எனக்கு ஒரு நல்ல உதாரணம் கிடைச்சது. அதுவும் நம்ம ஊரிலிருந்தே.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தாம்பரத்தில் ஒரே நாளில் 494 மில்லிமீட்டர். உலகமே க்ளைமேட் சேஞ்ச்னு சொன்னது. கெயர்ட் யான் ஃபான் ஓல்டன்போர்க் என்ற டச்சு விஞ்ஞானியின் குழு அதை ஆராய்ஞ்சு பார்த்தது. அவங்க முடிவு: இந்த மழையில் புவி சூடானதோட பங்கு எங்க கணக்கில் தெரியலை. கடலோட அந்தப் பகுதியில் சூடு ஏறின தடயமும் தெளிவா இல்லை. நோ சிக்னல். அதை அப்படியே ஆய்விதழில் வெளியிட்டாங்க. பயத்தை விக்கிற கும்பல் செய்யுற வேலையா இது?

ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஆள், அதே மாதிரி முறையில், ஹார்வியை எடுத்தார். அங்கே விடை வேற: புவி சூடாகாம இருந்திருந்தா பெய்திருக்கிறதைவிட மழை சுமார் 15 சதவீதம் கூடுதல். அதுக்கு இயற்பியல் இருக்கு. காற்று ஒரு டிகிரி சூடானா ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவி பிடிக்கும்.

“15 சதவீதம்தானே”ன்னு பெரியப்பா சொல்வார்னு நினைச்சேன். சொல்லலை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் இன்ஜினியர் பேசினார்: “டேங்க் காலியா இருந்தா 15 பர்சென்ட் ஒண்ணுமில்ல. விளிம்பு வரைக்கும் இருக்கிற டேங்க்ல 15 பர்சென்ட்னா, அது முழுக்க வெளியேதான் வழியும்.”

இதைவிட நல்லா எந்தப் பேப்பரும் சொன்னதில்லை.

எங்க ஆளுங்க கணக்கு

இன்னொண்ணும் சொன்னேன். 2023 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை. எக்ஸான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகள் 1977-க்கும் 2003-க்கும் நடுவில் போட்ட வெப்பநிலைக் கணிப்புகளை எடுத்து, நிஜத்தோட ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. பத்து வருஷத்துக்குச் சராசரி 0.20 டிகிரி சூடாகும்னு அந்த விஞ்ஞானிகள் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே பலிச்சிருக்கு.

பெரியப்பா சிரிச்சார். “எக்ஸான் பசங்க கணக்குப் போட்டா தப்பாகாதும்மா.” சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம்னு அவருக்கே உறைச்சிருக்கும்.

கிரைட்டன்கூட ஆசிரியர் உரையில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறுது, மனுஷன்தான் அனேகமா காரணம்னு ஒத்துக்கிறார். அடுத்த நூறு வருஷத்தில் வெப்பம் 0.812436 டிகிரி ஏறும்னு ஒரு எண்ணும் கொடுக்கிறார். நக்கலுக்குத்தான், எல்லாரும் ஊகம்தானே பண்றீங்க, இந்தாங்க என் ஊகம்னு. அந்த நூறு வருஷத்தில் இருபது வருஷம் போச்சு. இப்போ இருக்கிற வேகத்தில் அவர் எண்ணில் ஏறக்குறைய பாதி அதுக்குள்ளேயே தீர்ந்துபோச்சு. 2008-ல் அவர் இறந்துட்டார். இருந்திருந்தா முல்லர் மாதிரி திரும்பிப் பார்த்திருப்பாரோ என்னவோ.

இப்போ ஏன் இதெல்லாம்?

இருபது வருஷப் பழைய நாவலைக் கிளறி என்ன ஆகப்போகுதுன்னு நீங்க கேட்கலாம். காரணம் அக்கா. அவள் வீடு பார்த்துட்டிருக்கா. சாமர்செட் கவுண்டியில், ராரிட்டன் ஆத்துக்குப் பக்கத்தில், எடிசனைவிட விலை நல்லாவே கம்மி. விக்கிறவங்க தரப்பில் சொன்னது: இது நூறு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற வெள்ளத்துக்கான பகுதி, கவலையே வேண்டாம்.

நூறு வருஷத்துக்கு ஒருமுறைன்னா வருஷத்துக்கு 1 சதவீத வாய்ப்பு. 30 வருஷ மார்ட்கேஜ் கட்டி முடிக்கிறதுக்குள்ள ஒரு தடவையாவது வர வாய்ப்பு 26 சதவீதம். 0.99-ஐ 30 தடவை பெருக்கிப் பாருங்க. அதுவும் பழைய மழைக் கணக்கு மாறலைன்னு வச்சுக்கிட்டா. ராரிட்டன் கரையில் 1999-ல் ஃப்ளாய்ட், 2011-ல் ஐரீன், 2021-ல் ஐடா. 22 வருஷத்தில் மூணு பெரிய வெள்ளம். நியூ ஜெர்சி அரசு 2023-ல் விதியையே மாத்தி, ஆத்தோரத்தில் புதுசா கட்டுறப்போ வெள்ள மட்டத்தை ரெண்டு அடி உயர்த்திக் கணக்குப் போடச் சொல்லியிருக்கு. 2024 மார்ச்சிலிருந்து அங்கேயும் வெள்ள அபாயத்தை விக்கிறவங்க எழுதிக் கொடுக்கணும்.

க்ளைமேட் சேஞ்ச் நிஜமா பொய்யாங்கிறது பட்டிமன்றத் தலைப்பா இருக்கிற வரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. அக்கா கையெழுத்துப் போடுற தாளில் அது 30 வருஷக் கடன். குடும்பத்தில் எல்லாரும் கேட்கிற இன்ஜினியர் பெரியப்பாதான். அவர் “இதெல்லாம் சும்மா கிளப்பி விடறாங்க”ன்னு சொன்னா அவள் வாங்கிடுவா. அவர் அந்த முடிவுக்கு எதை வச்சு வர்றார்ங்கிறதில் 600 பக்க நாவல் ஒண்ணும் இருக்கு. நான் அதைப் படிக்காம மைக்கில் சிரிச்சிருந்தேன். அந்தச் சிரிப்பு அவரை நாவல் பக்கம்தான் இன்னும் ஒரு அடி தள்ளியிருக்கும்.

போன வாரம் அவர் அக்காகிட்ட சொன்னாராம்: “ஆத்துப் பக்கம் வேண்டாம்மா. க்ளைமேட்டோ என்னமோ, எனக்குத் தெரியாது. டேங்க் நிறைஞ்சிருக்கு.”

முழுசா மாறிட்டாரான்னா, இல்லை. “சரி, சூடாகுது. அதுக்கு யார் காசு கொடுக்கிறது? மதுரையில் இப்போதான் ஏசி வாங்கினவனையா நிறுத்தச் சொல்லுவ?”ன்னு கேட்கிறார். அது சரியான கேள்வி. பதில் எனக்கும் முழுசா தெரியாது. ஆனா இது வேற சண்டை, உண்மையை ஒத்துக்கிட்ட பிறகு போட வேண்டிய சண்டை. அதைப் போட நான் தயார்.

உங்க வீட்டிலும் இந்த மாதிரி ஒரு புத்தகமோ, யூடியூப் வீடியோவோ, வாட்ஸ்ஆப் ஃபார்வர்டோ இருக்கும். உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க் கொடுக்கலாமா? சிரிக்கிறதுக்கு முன்னாடி முழுசா படிங்க. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரே ஒரு ஃபுட்நோட்டை அவங்களையே கேட்டு வாங்குங்க. அதைப் பிடிச்சு மூலக் கட்டுரை வரைக்கும் போங்க. விடை அவங்க பக்கம் இருந்தா, அதையும் போன் பண்ணிச் சொல்லுங்க.

புத்தகத்தைத் திருப்பி அனுப்பியாச்சு. அவர் பென்சில் குறிப்புகளுக்குப் பக்கத்தில் நான் நீல மையில் எழுதியிருக்கேன். 300 சதவீதத்துக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் நீளமா.

அடுத்த வாரம் எபிசோடில் பார்க்கலாம்.